புவி இயற்பியல் யாருடைய அறிவியல்?

கோவை மாவட்டத்திலோ தருமபுரிப் பக்கத்திலோ உள்ள ஒரு சிற்றூரை எண்ணிக் கொள்ளுங்கள். கிணறு வற்றிவிட்டது. ஆழ்துளைக் கிணறு போட வேண்டும். போர் வண்டியை அழைக்கும் முன் எந்த இடத்தில் துளையிடுவது என்று முடிவு செய்தாக வேண்டும். ஊருக்கு நீரோட்டம் பார்ப்பவர் ஒருவர் வருகிறார். வேப்பங் கவைக்குச்சியைப் பிடித்தபடியோ, உள்ளங்கையில் தேங்காயை வைத்தபடியோ தோட்டத்தைச் சுற்றி நடக்கிறார். தேங்காய் நிமிர்ந்த இடத்தில் ஒரு கல்லை நட்டுவிட்டுப் போகிறார்.

வேறொரு நாள் இன்னொருவர் வருகிறார். அவரிடம் ஒரு பெட்டியும், கம்பிச் சுருள்களும், நான்கு இரும்பு முளைகளும் இருக்கின்றன. முளைகளை ஒரே நேர்கோட்டில் அடித்து, வெளி முளைகள் இரண்டின் வழியே மண்ணுக்குள் மின்னோட்டத்தைச் செலுத்துகிறார். உள் முளைகள் இரண்டிற்கும் இடையே மின்னழுத்தத்தை அளக்கிறார். பிறகு முளைகளை அகற்றி அகற்றி நட்டு மீண்டும் மீண்டும் அளக்கிறார். இடைவெளி கூடக் கூட மின்னோட்டம் இன்னும் ஆழமாக இறங்கும். கெட்டியான உலர்ந்த கருங்கல் மின்னோட்டத்தைப் பெரிதும் தடுக்கும்; நீர் ஊறிய சிதைந்த பாறை அவ்வளவு தடுக்காது. இந்த வேறுபாட்டிலிருந்து அடியில் எந்த ஆழத்தில் என்ன இருக்கக்கூடும் என்று அவர் கணக்கிடுகிறார்.

வாசகரே, இந்த இருவரில் முதலாமவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். இரண்டாமவர் செய்தது எந்த அறிவியல்? அதை எந்தக் கல்லூரியில் கற்றுக் கொடுக்கிறார்கள்? இயற்பியல் பட்டம் பெற்ற மாணவர்களிடம் இக்கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பலர் நிலவியல் என்பார்கள். சிலர் பொறியியல் என்பார்கள். புவி இயற்பியல் என்று சட்டெனச் சொல்பவர் சிலரே. இரு நூற்றாண்டுகளாக நம் நாட்டில் நடந்துவரும் ஓர் அறிவியலின் பெயர் நம் மாணவர்களுக்குத் தெரியாமல் போனது ஏன்? அந்த வரலாற்றின் நிறைகளையும் குறைகளையும் சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அளந்தவர்களும் கேட்டவர்களும்

புவி இயற்பியல் என்பது, தொட முடியாத புவியின் உட்பகுதியை வெளியிலிருந்தே அளந்து அறிவது. ஈர்ப்பு, காந்தம், மின்சாரம், வெப்பம், நில அதிர்வு ஆகியவையே அதன் கருவிகள். மருத்துவர் உடலைக் கிழிக்காமல் நாடி பார்ப்பது போன்றது இது.

நம் நாட்டில் இதன் தொடக்கம் சென்னையில்தான். 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி பரங்கிமலைக்கு அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை அளந்தார். பின்னாளில் பெரும் முக்கோண அளவை என்று பெயர் பெற்ற பணி அதிலிருந்து வளர்ந்தது. அவருடைய கோணமானி அரை டன் எடை. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி நொறுங்க, லாம்டனே உட்கார்ந்து அதைச் செப்பனிட்டார். இந்தக் கதை பலருக்குத் தெரியும். ஆனால் அந்த அளவையிலிருந்து ஒரு புதிய அறிவியல் பிறந்ததைச் சொல்வார் அரிது.

வட இந்தியாவில் கல்யாண்பூர், கல்யாணா என்ற இரு நிலையங்கள் சுமார் 600 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ளன. இவற்றிடையே உள்ள அட்சரேகை வேறுபாட்டை முக்கோண அளவையால் கணக்கிட்டபோது ஒரு விடை வந்தது; விண்மீன்களைப் பார்த்துக் கணக்கிட்டபோது வேறொரு விடை வந்தது. வேறுபாடு சுமார் 5.2 வில்விநாடி. ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் அதில் ஒரு கூறே ஒரு வில்விநாடி. அப்படியானால் தரையில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 160 மீட்டர்தான். ஆயினும் அவ்வளவு கவனமாக அளந்தவர்களுக்கு இது பெரும் பிழையாகவே பட்டது.

கல்கத்தாவில் தேவாலயப் பணியில் இருந்த ஜான் ஹென்றி பிராட் என்ற கணித வல்லுநர், வடக்கே நிற்கும் இமயமலை தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுப்பதே இதற்குக் காரணம் என்று கருதிக் கணக்கிட்டார். விடை அவரையே திகைக்க வைத்தது. இமயத்தின் பருமனுக்கு 5.2 அன்று, சுமார் 15.9 வில்விநாடி விலகல் இருந்திருக்க வேண்டும். மலை தன் உருவத்துக்கு ஏற்ற வலிமையோடு இழுக்கவில்லை! 1855-இல் இது வெளியானதும், இங்கிலாந்தின் அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏரி ஒரு விளக்கம் தந்தார். கடலில் மிதக்கும் பனிப்பாறையைப் போல, மலைக்கு அடியில் எடை குறைந்த பாறையாலான ஆழமான வேர் இருக்கிறது என்றார் அவர். மலைக்கு அடியிலுள்ள பாறையின் அடர்த்தியே குறைவு என்றார் பிராட். உலகெங்கும் கற்பிக்கப்படும் புவிமேலோட்டுச் சமநிலைக் கொள்கை இவ்வாறு இந்திய மண்ணின் அளவைகளிலிருந்து எழுந்தது.

பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அளவை இங்கே நடந்தது. கருத்துப் போர் இலண்டனில் நடந்தது. அளவுகோலைப் பிடித்தவர்களிலும், பதாகை சுமந்தவர்களிலும், கணக்குப் போட்டவர்களிலும் இந்தியர் பலர் இருந்தனர். அவர்களில் ஒருவர் ராதாநாத் சிக்தார். கல்கத்தா இந்துக் கல்லூரியில் படித்து 1831-இல் அளவைத் துறையில் சேர்ந்தவர். எவரெஸ்ட் சிகரத்தின் உயரக் கணக்கோடு இணைத்துப் பேசப்படுபவர். அத்துறையின் அளவையியல் கையேட்டில் கணிதப் பகுதிகளை எழுத அவர் உதவினார்; முதற்பதிப்புகளின் முன்னுரை அதை ஒப்புக்கொண்டது. அவர் 1870-இல் இறந்தார். 1875-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அவருக்கான நன்றியுரை காணாமற் போயிற்று. அக்காலத்து ஆங்கில இதழ் ஒன்றே இதைக் கண்டித்து எழுதியது.

இதை வெறும் மனத்தாங்கலாகச் சொல்லவில்லை. ஓர் அறிவியல் ஒரு நாட்டில் வேர் பிடிக்க வேண்டுமானால் அளப்பவனே கேள்வியும் கேட்க வேண்டும். அளப்பவனுக்குச் சம்பளமும், கேட்பவனுக்குப் புகழும் என்று பிரித்துவிட்டால், துறை வளரும், அறிவியல் வளராது.

பதிவேடு காத்த பொறுமை

அலுவலகங்களைக் குறை கூறும் முன் அவற்றின் நிறையையும் சொல்லிவிட வேண்டும். புவியின் மாற்றங்கள் மெதுவானவை. அவற்றை அறிய ஐம்பது ஆண்டு, நூறு ஆண்டு இடைவிடாத பதிவு தேவை. அத்தகைய பொறுமையை அரசுத் துறைகள் காட்டியுள்ளன.

புவிகாந்தத்தை எடுத்துக் கொள்வோம். பம்பாய்க் கொலாபாவில் 1841 முதல் காந்த அளவைகள் பதியப்பட்டன. நகரில் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும் கவலை எழுந்தது. டிராமின் மின்னோட்டம் காந்த ஊசிகளைக் குழப்பிவிடும். அப்போது கொலாபாவின் இயக்குநராக இருந்தவர் மூஸ் என்ற பார்சி அறிஞர். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர். தெற்கே அலிபாக்கில் காந்தப் பண்பற்ற கற்களைக் கொண்டு புதிய நிலையம் எழுப்பப்பட்டது. 1904 முதல் 1906 வரை இரண்டு நிலையங்களும் ஒரே சமயத்தில் இயங்கின. பழைய பதிவும் புதிய பதிவும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று சரிபார்த்த பின்னரே கொலாபாவின் காந்தப் பதிவு நிறுத்தப்பட்டது. இன்று உலகில் உள்ள மிக நீண்ட காந்தப் பதிவு வரிசைகளில் இதுவும் ஒன்று. மூன்றாண்டுத் திட்டங்களுக்குப் பணம் பெறும் எந்தப் பல்கலைக்கழகத் துறையாலும் இதைச் செய்திருக்க முடியாது.

தெற்கே திருவிதாங்கூர் மன்னரின் ஆதரவில் 1837-இல் திருவனந்தபுரம் வானாய்வகம் தோன்றியது. அங்குப் பணியாற்றிய ஜான் ஆலன் பிரௌன், 1850-களில் பொதிகையின் அகத்திய மலை உச்சியிலும் ஒரு காந்த ஆய்வகம் அமைத்தார். காட்டு யானைகளும் மழையும் நிறைந்த அந்த மலையில் காந்த ஊசி ஆடுவதை எழுதி வைத்தவர்களை எண்ணிப் பாருங்கள். காந்த நடுக்கோட்டிற்கு மேலே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் ஓடும் செறிவான மின்னோட்டத்துக்கு 1951-இல் சிட்னி சாப்மன் பெயரிட்டார். அந்த மின்னோட்டத்தை ஆராய வாய்ப்பான இடம் என்பதால்தான் தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டு, 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட் ஏவப்பட்டது. இன்று திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இயங்கும் ஆய்வகமும் இதே காரணத்தால் அங்கே இருக்கிறது.

நிலநடுக்கத்திலும் இப்படியே. 1897 ஜூன் 12-இல் அசாமையும் ஷில்லாங்கையும் உலுக்கிய பெரும் நடுக்கத்தை, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ரிச்சர்டு ஓல்டாம் ஆராய்ந்தார். தொலைவிலுள்ள ஐரோப்பிய நிலையங்களின் பதிவுகளில் மூன்று வகை அலைகள் தனித்தனியே வந்து சேர்ந்ததை அவர் கண்டார். அந்த வழியே சென்று, 1906-இல் புவிக்கு ஒரு தனி உட்கரு உண்டு என்பதற்குச் சான்று காட்டினார். அசாம் நடுக்கத்தின் விளைவாக 1898, 1899-ஆம் ஆண்டுகளில் கல்கத்தாவின் அலிப்பூர், பம்பாயின் கொலாபா, நம் கொடைக்கானல் ஆகிய மூன்று இடங்களில் நிலநடுக்கமானிகள் வைக்கப்பட்டன.

ஜப்பான் சென்ற பாதை

அந்த மூன்று கருவிகளும் மில்ன் என்பவர் வடிவமைத்தவை. ஜான் மில்ன் அவற்றை எங்கே உருவாக்கக் கற்றார் தெரியுமா? ஜப்பானில். நம் ஒப்பீடு இங்கேதான் தொடங்குகிறது.

1876-இல் மில்ன் தோக்கியோவிலுள்ள பொறியியல் கல்லூரிக்கு ஆசிரியராகச் சென்றார். 1880-இல் யோகோகாமாவில் ஒரு நடுக்கம். உடனே ஆசிரியர்களும் ஆர்வலர்களும் கூடி ஜப்பான் நிலநடுக்கவியல் கழகத்தைத் தொடங்கினார்கள். ஆறே ஆண்டுகளில், 1886-இல், தோக்கியோ பல்கலைக்கழகத்தில் செகியா என்ற ஜப்பானியர் நிலநடுக்கவியல் பேராசிரியராக அமர்ந்தார். இத்துறைக்கு உலகின் முதற் பேராசிரியர் அவரே. அடுத்த தலைமுறையில் வந்த ஓமோரி, பெரிய நடுக்கத்தைத் தொடரும் சிறு நடுக்கங்கள் நாளடைவில் எவ்விதிப்படி குறைகின்றன என்பதை 1894-இல் கண்டறிந்தார். அவ்விதி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1923-இல் தோக்கியோ நகரம் அழிந்தபோது, இரண்டே ஆண்டுகளில் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஒரு நிலநடுக்க ஆராய்ச்சி நிலையம் எழுந்தது.

ஐரோப்பாவிலும் இதே காலம். போலந்தின் கிராக்கோவில் 1895-இல் ருட்ஸ்கியும், ஜெர்மனியின் கோட்டிங்கனில் 1898-இல் வீகெர்ட்டும் புவி இயற்பியல் பேராசிரியர்களாயினர்.

நம் நாட்டிலோ 1857-இலேயே மூன்று பல்கலைக்கழகங்கள் தோன்றியிருந்தும், புவி இயற்பியலுக்கென்று ஒரு துறை வர விடுதலை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கல்கத்தா அறிவியல் கல்லூரியில் ஒளியையும் அணுவையும் பற்றி உலகத்தரமான ஆராய்ச்சி நடந்த நாளிலும், புவியை அளக்கும் வேலை அளவைத் துறை, வானிலைத் துறை, நிலவியல் துறை என்ற மூன்று அலுவலகங்களின் சொத்தாகவே இருந்தது. சுதான்சு குமார் பானர்ஜியின் வாழ்க்கை இதற்குச் சான்று. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பயன்முறைக் கணிதப் பேராசிரியராக இருந்தவர் அவர். 1920-களில் வானிலைத் துறைக்குச் சென்றார். பருவக்காற்றுப் புயல்கள் கடலைக் கலக்கும்போது நிலத்தில் உண்டாகும் மிக நுண்ணிய அதிர்வுகளை ஆராய்ந்து புகழ் பெற்றார். 1944-இல் அத்துறையின் முதல் இந்தியத் தலைமை இயக்குநர் ஆனார். நல்ல ஆராய்ச்சி, நல்ல பதவி. ஆனால் வகுப்பறை ஓர் ஆசிரியரை இழந்தது.

ஒப்பீட்டில் நேர்மை வேண்டும். ஜப்பானில் நிலம் அடிக்கடி நடுங்குகிறது. நம் தீபகற்பத்தில் அரிதாகவே நடுங்குகிறது. ஜப்பான் தன்னைத் தானே ஆண்டது, நாம் ஆளப்பட்டோம். வரி வசூலுக்கும் படை நடத்தவும் நிலப்படம் தேவைப்பட்ட ஆட்சிக்கு, புவியைப் பற்றிக் கேள்வி கேட்கும் இந்திய மாணவன் தேவைப்படவில்லை. ஆகவே விடுதலைக்கு முன் நிகழ்ந்ததற்காக நம் பல்கலைக்கழகங்களை மட்டும் பழிப்பது முறையன்று. விடுதலைக்குப் பின் என்ன செய்தோம் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

விடுதலைக்குப் பின்

செய்தது சிறிதன்று. 1949-ஐ ஒட்டி வால்டேரிலுள்ள ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் புவி இயற்பியல் பாடம் தொடங்கியது. கரக்பூர் தொழில்நுட்பக் கழகமும் தன்பாத் சுரங்கப் பள்ளியும் 1950-களில் இதைக் கற்பிக்கலாயின. ரூர்க்கியில் 1960-இல் நிலநடுக்கப் பொறியியலுக்கென்று ஒரு பள்ளி எழுந்தது. 1961-இல் ஐதராபாத்தில் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது.

அந்நிலையத்தின் முதல் இயக்குநர் தஞ்சைத் தரணியைச் சேர்ந்த ம. சீ. கிருஷ்ணன். திருச்சியிலும் சென்னையிலும் பயின்றவர்; 1951-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர். 1943-இல் அவர் எழுதிய ‘இந்தியா, பர்மா நிலவியல்’ என்ற ஆங்கில நூல் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூலாயிற்று. துறைத் தலைவர் ஒருவர் மாணவருக்காக நூல் எழுதியதும், பின்னர் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கச் சென்றதும் குறிப்பிடத் தக்கவை. அலுவலகத்துக்கும் வகுப்பறைக்கும் இடையே பாலம் கட்டியவர் என்று அவரைச் சொல்லலாம். அத்தகைய பாலங்கள் மிகுதியாக எழவில்லை என்பதே நம் குறை.

இத்துறைக்கு ஆட்களை ஈர்த்தது எண்ணெய். 1956-இல் எண்ணெய், இயற்கை வாயு ஆணையம் தோன்றியது. வெடி வைத்து நிலத்தை அதிரச் செய்து, அடியிலுள்ள படிவங்களில் பட்டுத் திரும்பும் அலைகளைப் பதிந்து படம் வரையும் முறை பரவியது. கடலில் இம்முறையால் சோவியத் ஆய்வுக் கப்பல் ஒன்று 1960-களில் கண்டுரைத்த அமைப்பில்தான், 1974 பிப்ரவரியில் பம்பாய் ஹை எண்ணெய் கிடைத்தது. நம் காவிரிப் படுகையில் நரிமணம் முதலிய இடங்களில் எண்ணெய் கண்டதும் இம்முறையின் துணையால்தான்.

எனினும் இதில் ஒரு விளைவு உண்டு. மாணவர்கள் எண்ணெய்க்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு கற்றார்கள். வேலைக்கு ஏற்ற கல்வி வேண்டியதே. ஆனால் பல்கலைக்கழகம் வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் இடமாக மட்டும் நின்றுவிட்டால், வேலை தராத கேள்விகளை யார் கேட்பது?

நிலம் கேட்ட கேள்விகள்

அந்தக் கேள்விகளை நிலமே கேட்டது.

மராட்டியத்தில் கொய்னா அணையில் 1960-களின் தொடக்கத்தில் நீர் தேங்கத் தொடங்கியதிலிருந்து சிறு அதிர்வுகள் உணரப்பட்டன. அக்கால வரைபடங்களில் தீபகற்பத்தின் பெரும்பகுதி நடுக்க அபாயம் இல்லாத, அல்லது மிகக் குறைந்த நிலம். 1967 டிசம்பர் 11 விடியுமுன் 6.3 அளவுள்ள நடுக்கம் ஏற்பட்டு, சுமார் இருநூறு பேர் மாண்டனர். நீர்த்தேக்கம் தூண்டும் நிலநடுக்கத்துக்கு உலகமே காட்டும் முதன்மையான எடுத்துக்காட்டு இன்று கொய்னா. அங்கே 2017-இல் 3 கிலோமீட்டர் ஆழத்துக்கு ஆய்வுத் துளை ஒன்று இறக்கப்பட்டது.

1993 செப்டம்பர் 30. மராட்டியத்தின் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரி. அதற்கு முந்தைய ஆண்டே அங்குச் சிறு அதிர்வுகள் தொடர்ந்து வந்து மக்கள் அஞ்சினர். ஆனால் அவற்றை நுணுகி அளக்க அருகே அடர்த்தியான கருவி வலை இல்லை. வரைபடத்தில் அது மிகக் குறைந்த அபாய வட்டாரம். கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய வீடுகளுக்குள் உறங்கியவர்களில் ஏறத்தாழ 10,000 பேர் உயிரிழந்தனர். 2001 ஜனவரி 26-இல் குஜராத்தின் புஜ் நடுக்கம். அதற்குப் பின் 2002-இல் வரைபடம் திருத்தப்பட்டபோது, மிகக் குறைந்த அபாயம் என்ற முதல் வட்டாரமே நீக்கப்பட்டது. சென்னை இரண்டாம் வட்டாரத்திலிருந்து மூன்றாவதற்கு உயர்த்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் நிலம் முதலில் பேசியது. வரைபடம் பின்னர் மாறியது.

இனி நமக்கு மிக அருகில் நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணியளவில் சுமத்ராவை ஒட்டிய கடலடியில் 9.1 அளவுள்ள நடுக்கம். ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்து நம் கடற்கரையில் ஆழிப்பேரலை. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் நாகப்பட்டினம் மாவட்டத்தவர். அந்த இரண்டரை மணி நேரத்தில் கரையில் இருந்தவர்களுக்கு ஒரு சொல்லும் வந்து சேரவில்லை.

வங்கக் கடலில் இப்படி நேரும் என்று யார் எதிர்பார்த்தார்கள் என்று அப்போது பலரும் கேட்டனர். வாசகரே, இக்கேள்விக்கு விடை நம் அலுவலகத் தாள்களிலேயே இருந்தது. 1881 டிசம்பர் 31-இல் கார் நிக்கோபார் அருகே ஒரு பெரும் நடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த அலைகளை வங்கக் கடலைச் சுற்றியுள்ள ஓதமானிகள் பதிந்தன. அவற்றில் சென்னையும் உண்டு; நாகப்பட்டினமும் உண்டு! அலை பெரிதன்று, ஒரு மீட்டருக்கும் குறைவே. ஆனால் அந்தமான், நிக்கோபார் கடலடியில் நடுக்கம் வந்தால் நம் கரைக்கு அலை வரும் என்பதற்கு அது போதிய சான்று. ஓல்டாம் அந்த நடுக்கத்தைப் பற்றி எழுதி வைத்தார். பிறகு அத்தாள்கள் உறங்கின. 2003-இல் மோடெஸ்டோ ஆர்ட்டிஸ், ரோஜர் பில்ஹாம் என்ற வெளிநாட்டு ஆய்வாளர் இருவர் அப்பதிவுகளை எடுத்து, புதிய முறையில் கணக்கிட்டு வெளியிட்டனர். அடுத்த ஆண்டே பேரலை வந்தது.

இக்கட்டுரையின் வாதம் முழுவதும் இதில் அடங்கிவிடும். அலுவலகம் தன் கடமையைச் செய்தது; அளந்தது, பதிந்தது, அச்சிட்டது, அலமாரியில் வைத்தது. அந்த அலமாரியைத் திறந்து, ‘இதன் பொருள் என்ன? மீண்டும் வந்தால் எவ்வளவு உயரம் வரும்?’ என்று கேட்பது மாணவரும் ஆசிரியரும் நிறைந்த இடத்தின் கடமை. நாகப்பட்டினத்தின் பதிவை நாகப்பட்டினத்துப் பிள்ளை ஒருவன் தன் முதுகலை ஆய்வுக்கு எடுத்திருக்கலாம். அப்படி எடுத்திருந்தால் பேரலை நின்றிருக்காது. ஆனால் எச்சரிக்கை ஏற்பாடு ஒன்று வேண்டும் என்று கேட்கும் குரலேனும் எழுந்திருக்கும்.

பூட்டிய அலமாரி

அலமாரி உறங்கியது மட்டுமன்று. பல காலம் பூட்டியும் இருந்தது. எல்லைகளையும் கடற்கரையையும் ஒட்டிய அகன்ற நிலப்பகுதியின் விரிவான வரைபடங்கள் பாதுகாப்புக் காரணம் கூறிக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. கடற்கரை மிகுந்த தமிழ்நாட்டில் களப்பணிக்குப் புறப்படும் ஆராய்ச்சி மாணவன், தன் சொந்த ஊரின் வரைபடத்துக்கே அனுமதி கேட்டு எழுத வேண்டியிருந்தது. 2005-இன் தேசிய வரைபடக் கொள்கை இதைச் சற்றுத் தளர்த்தியது. 2021-இன் வழிகாட்டு நெறிகள் மேலும் தளர்த்தின. அதற்குள் எத்தனை ஆய்வேடுகள் எழுதப்படாமலே போயின என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது.

பேரலைக்குப் பின் மாற்றங்கள் நேர்ந்தன. 2006-இல் புவி அறிவியலுக்குத் தனி அமைச்சகம் வந்தது. 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் தொடங்கியது. கடலடி நடுக்கம் நேர்ந்த சில நிமிடங்களில் அதை ஆராய்ந்து, இந்தியப் பெருங்கடல் நாடுகள் பலவற்றுக்கும் அது செய்தி அனுப்புகிறது. 2014-இல் நிலநடுக்கவியலுக்குத் தேசிய மையம் ஏற்பட்டது. பாராட்டத் தக்க பணிகள். ஆனால் இவை அனைத்தும் மீண்டும் நிலையங்களே, மையங்களே. அங்கே அமரப் போகிறவர்கள் எங்கிருந்து வருவார்கள்? வகுப்பறையிலிருந்துதானே!

நம் வகுப்பறையில்

நம் பாடநூல்களைப் புரட்டிப் பாருங்கள். புவியியல் பாடத்தில் மேலோடு, கவசம், கரு என்று அடுக்கடுக்காய் ஒரு படம் இருக்கும். யாரும் உள்ளே போய்ப் பார்க்காதபோது அது எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்ல ஒரு பத்தியாவது ஒதுக்கிய நூல் அரிது. இயற்பியல் பாடத்தில் ஊசலை ஆட்டிப் புவிஈர்ப்பு முடுக்கம் 9.8 என்று கண்டுபிடிப்பீர்கள். அது நடுக்கோட்டில் ஏறத்தாழ 9.78, துருவத்தில் 9.83 என்பதும், அந்தச் சிறு வேறுபாட்டைக் கொண்டே மண்ணுக்கடியில் உள்ளதைத் தேட முடியும் என்பதும் அங்கே வராது. 1860-களில் பசேவி என்ற அதிகாரி இதே ஊசலைத் தூக்கிக்கொண்டு இந்தியா முழுவதும் அலைந்து, 1871-இல் லடாக்கின் உயர்ந்த சமவெளியில் அளவை எடுக்கும்போதே உயிர் துறந்தார் என்று ஒரு வரி சேர்த்தால், ஆய்வகத்து ஊசலுக்கே ஒரு புதிய பொருள் வந்துவிடும்.

இன்னொன்றும் சொல்லலாம். உலகிலேயே கடல்மட்டம் ஈர்ப்பால் மிகத் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே உள்ளது. சராசரி வடிவத்தைவிட நூறு மீட்டருக்கு மேல் தாழ்வு. ஏன் என்பதற்கு இன்னும் முடிந்த முடிபு இல்லை. 2023-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தினர், ஆழத்திலிருந்து மேலெழும் சூடான பாறைக் குழம்பின் பாய்ச்சல்களைக் கொண்டு இதை விளக்க முயன்றனர். குமரிமுனையில் நின்று தெற்கே பார்க்கும் மாணவனுக்கு, அவன் கண்முன் விரியும் கடலிலேயே தீராத புதிர் ஒன்று உண்டு என்று யார் சொன்னார்கள்?

மொழியும் ஒரு தடையே. பூபௌதிகம் என்றும், புவிப் பௌதிகம் என்றும், புவி இயற்பியல் என்றும் பெயர் மாறி மாறி வந்தது, நூல்கள் வரவில்லை. தமிழில் படித்த மாணவன் இத்துறையின் பெயரைக் கேட்பதே வேலைக்கான விளம்பரத்தில்தான். நம் கல்லூரிகள் பலவற்றில் இது நிலவியல் பட்டத்தின் ஒரு தாளாகவே இருக்கிறது. நிலவியல் மாணவனுக்குக் கணிதம் அச்சமூட்டுகிறது. இயற்பியல் மாணவனுக்குப் பாறை அந்நியமாக இருக்கிறது. இருவருக்கும் நடுவே நிற்கும் இந்தத் துறை இருவருக்கும் பிறத்தியாகிவிடுகிறது.

மீண்டும் தோட்டத்துக்கு வருவோம். கவைக்குச்சிக்காரரைக் கேலி செய்வது எளிது. கட்டுப்பாட்டுடன் நடத்திய சோதனைகளில் அவர் முறை தற்செயலை வென்றதாக ஏற்கத்தக்க சான்று இல்லை என்பதும் உண்மை. ஆனால் பெட்டிக்காரரையும் நாம் சோதிக்க வேண்டும். அவர் கருவி நீரைக் காட்டுவதில்லை; மின்தடையைத்தான் காட்டுகிறது. களிமண்ணும் தடையைக் குறைக்கும், உவர்நீரும் குறைக்கும். அந்த ஊரின் பாறை அறியாமல் எண்ணை மட்டும் படிப்பவர், பெட்டி வைத்திருக்கும் கவைக்குச்சிக்காரரே ஆவார். நகையை அடகு வைத்துப் போர் போட்ட குடும்பத்துக்கு, துளையிலிருந்து புகை மட்டும் வந்தால், இருவரிடையே என்ன வேறுபாடு?

ஆகவே, அடுத்த முறை உங்கள் ஊரில் நான்கு முளைகள் அடிக்கப்படும்போது அருகே சென்று நில்லுங்கள். முளைகளுக்கிடையே எவ்வளவு தூரம், எண் என்ன வந்தது, அதிலிருந்து எப்படி ஆழம் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்தவர் மகிழ்வார், தெரியாதவர் தடுமாறுவார். துளையிட்ட பின் எந்த ஆழத்தில் எந்த நிறத் தூள் வந்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பத்துக் கிணறுகளின் குறிப்பு சேர்ந்தால் அது ஊரின் சொத்து. ஆனால் பூட்டி வைக்காதீர்கள். பக்கத்து ஊர்க்காரருக்கும் காட்டுங்கள். இயற்பியலும் கணிதமும் படிக்கும் மாணவராயின், இப்படியும் ஒரு மேற்படிப்பு உண்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பரங்கிமலையில் அடிக்கோடு அளந்து இரு நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அளக்கக் கற்றுக்கொண்டோம். அளந்ததைக் கேள்வி கேட்கும் பழக்கம் நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் வளர வேண்டும். அப்போதுதான் புவி இயற்பியல் நாட்டின் அறிவியல் ஆகும்.